அலமாரி காலியானால் குழந்தைக்கு என்ன கொடுப்பது?

2022-ஆம் ஆண்டு மே மாதம். இஷா தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தோம். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வசிக்கும் நம் சகோதரியின் மகள் அழைத்தார். ஸலாம் சொன்ன கையோடு, "மாமா, ரெண்டு டப்பா பால்மாவுதான் மிச்சம் இருக்கு. அதுவும் ஒரு வாரம் தாங்காது. எந்தக் கடையிலயும் கெடைக்கலெ, துஆ செய்ங்க" என்றார். குரல் உடைந்திருந்தது.

நமக்கு முதலில் விளங்கவில்லை. இலங்கையில் பால்மாவுக்காக மக்கள் வரிசையில் நிற்பதை அப்போது செய்திகளில் பார்த்துக்கொண்டிருந்தோம். அது டாலர் இல்லாமல் தவித்த நாட்டின் கஷ்டம். டாலரை அச்சடிக்கும் நாட்டில் பச்சிளம் குழந்தைக்குப் பால் இல்லையா? நாம் யோசிக்காமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டோம்: "தாய்ப்பால் கொடும்மா. அதைவிடச் சிறந்தது எது?"

மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அவருடைய உம்மாதான், அதாவது நம் லாத்தா, நமக்கு விவரம் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு மருமகளுக்கு உடல்நிலை மோசமாகி, பால் வற்றிவிட்டது. போதாததற்குக் குழந்தைக்குப் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோதே மலத்தில் இரத்தம் வந்து, புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரிக்கும் விசேஷ பால்மாவை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். அது சிறிய டப்பா. ஐந்து மாதக் குழந்தைக்குச் சுமார் மூன்று நாளில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலின் சிறப்பை மேடை மேடையாகப் பேசும் நாம், ஒரு தாயிடம் "ஏன் முடியவில்லை?" என்று கேட்காமலேயே உபதேசம் செய்தோம். அன்றிரவே திரும்ப அழைத்து வருத்தம் தெரிவித்தோம். அதன் பிறகுதான் இந்த விஷயத்தை முறையாகப் படிக்கத் தொடங்கினோம். அப்படித் தெரிந்துகொண்டதை, வெளிநாடுகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ள நம் குடும்பங்களுக்கு உதவும் என்று இங்கே எழுதுகிறோம்.

தட்டுப்பாடு தொடங்கியது மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஸ்டர்ஜிஸ் என்னும் சிறு நகரத்தில். அபாட் நிறுவனத்தின் பால்மாவு ஆலை அங்கே இருக்கிறது. அந்த ஆலையின் மாவைக் குடித்த நான்கு குழந்தைகள் நோயுற்றதாகவும், அவர்களில் இருவர் இறந்ததாகவும் புகார்கள் வந்தன. குரோனோபாக்டர் என்ற கிருமியின் மீது சந்தேகம். ஆலையின் குறைகளைப் பற்றி அங்கு வேலை பார்த்த ஒருவர் 2021 அக்டோபரிலேயே அமெரிக்க உணவு மற்றும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கு விரிவாக எழுதி அனுப்பியிருந்தார். அதற்குப் பிந்திய சோதனை ஆலைக்குள் தொடங்கியது 2022 ஜனவரி கடைசி நாளில். கிருமி ஆலைக்குள் இருந்தது உண்மை. ஆனால் ஆய்வு செய்யக் கிடைத்த குழந்தைகளின் மாதிரிகளில் இருந்த கிருமியோடு அது பொருந்தவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 17-ஆம் தேதி சிமிலாக், அலிமென்டம், எலிகேர் ஆகிய மாவு வகைகளில் குறிப்பிட்ட தொகுப்புகள் திரும்பப் பெறப்பட்டன. ஆலையும் மூடப்பட்டது.

ஓர் ஆலை மூடினால் ஒரு பெரிய நாடே தவிக்குமா? நாம் மதரஸாப் படிப்பை முடித்த பிறகு தபால் வழியில் பி.ஏ. பொருளாதாரம் படித்தோம். அந்தப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அமையாது. அமெரிக்காவில் விற்கும் குழந்தைப் பால்மாவில் சுமார் 90 சதவீதத்தை நான்கே நிறுவனங்கள் தயாரித்தன: அபாட், என்ஃபமில் தயாரிக்கும் மீட் ஜான்சன், நெஸ்லேயின் கெர்பர், கடைகளின் சொந்தப் பெயரில் தயாரித்துக் கொடுக்கும் பெரிகோ. வெளிநாட்டு மாவு வராதபடி இறக்குமதி வரியும் லேபிள் விதிகளும் தடுத்தன. ஏழைத் தாய்மார்களுக்கு உணவு வழங்கும் 'விக்' என்ற அரசுத் திட்டம்தான் நாட்டின் பால்மாவில் ஏறக்குறையப் பாதியை வாங்குகிறது. அதிலும் ஒவ்வொரு மாநிலமும் தள்ளுபடிக்காக ஒரே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறது. இதனால் அரசுக்குப் பெரும் பணம் மிச்சமாவதை மறுக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் செய்த நிறுவனம் படுத்துவிட்டால், அந்த மாநிலத்தின் ஏழைத் தாய் கையில் அட்டையோடு காலி அலமாரி முன் நிற்க வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில் நாடு முழுவதும் 43 சதவீதப் பால்மாவு வகைகள் இருப்பில் இல்லை என்று கணக்கெடுத்தார்கள். மாதக் கடைசியில் நிலைமை இன்னும் மோசமானது. மே 18-ஆம் தேதி அதிபர் பைடன், போர்க்காலத் தேவைகளுக்காக இயற்றப்பட்ட பாதுகாப்பு உற்பத்திச் சட்டத்தைப் பால்மாவுக்காகப் பயன்படுத்தினார். மே 22-ஆம் தேதி ஜெர்மனியில் உள்ள ராம்ஸ்டைன் விமானதளத்திலிருந்து சுமார் 35 டன் பால்மாவு இராணுவ விமானத்தில் இண்டியானாபொலிஸ் நகரில் வந்திறங்கியது. அது ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கான வகை. ஆனால் கடை அலமாரிக்கு வராமல், மருத்துவமனைகள், மருந்தகங்கள் வழியாக விநியோகமானது. ஸ்டர்ஜிஸ் ஆலை ஜூன் 4-ஆம் தேதி திறக்கப்பட்டு, பத்து நாட்களுக்குள் புயல் மழை வெள்ளத்தால் மறுபடி மூடப்பட்டு, ஜூலையில்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

மருமகளின் கணவருடைய தம்பி அதே ஊரில் ஒரு 'வேர்ஹவுஸ்' கடையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். காஸ்ட்கோ, சாம்ஸ் கிளப் போன்ற இந்தக் கடைகளை நம் ஊரில் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டி அட்டை வாங்கியவர்கள்தான் பொருள் வாங்க முடியும். கிடங்கும் கடையும் ஒன்றே. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் முப்பதாயிரம் வகைப் பொருட்கள் இருக்கும் என்றால், காஸ்ட்கோவில் இருப்பது சுமார் நான்காயிரம். வகை குறைவு, அளவு பெரிது, விலை மலிவு. பொருள் மரப் பலகைகளில் அடுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி லாரியில் வரும். அந்தப் பலகையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் விற்பனை இடத்தில் வைத்துவிடுவார்கள். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் இரும்புச் சட்டங்களில் மீதிப் பலகைகள் காத்திருக்கும்.

இந்தத் தம்பியின் வேலை அதிகாலை 4 மணிக்குத் தொடங்கும். கடை திறப்பதோ காலை 10 மணிக்கு. வாடிக்கையாளர் உள்ளே வருவதற்குள் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் ஒதுங்கிவிட வேண்டும். எனவே அந்தச் சில மணி நேரம் மூச்சு விட நேரமில்லாத ஓட்டம். பஜ்ரை இடைவேளையில் பால் பொருட்கள் வைக்கும் குளிர் அறைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியை விரித்துத் தொழுவாராம். "அந்த நாட்கள்லெ லாரி எப்ப வரும்னு எங்களுக்கே தெரியாது மாமா. ஒரு பலகை வந்தா, பத்து மணிக்குக் கதவு தொறந்து பத்தரைக்குள்ள காலி" என்றார். வாசலில் காத்திருக்கும் பெண்கள், கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி, "உள்ளே பின்னறையில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கெஞ்சுவார்கள். பின்னறை என்று ஒன்று இந்தக் கடைகளில் கிடையாது. மேலே சட்டத்தில் தெரிவதுதான் இருப்பு. தெரியாவிட்டால் இல்லை. இதைச் சொன்னால் ஒளித்து வைத்திருப்பதாகச் சந்தேகப்பட்டு ஏசிவிட்டுப் போனவர்களும் உண்டு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகங்கள் கண்ணைவிட்டுப் போவதில்லை என்றார் அவர்.

இங்கேதான் ஒரு கேள்வி நம்மிடம் வந்தது. ஓர் அட்டைக்கு இரண்டு டப்பா என்று அவருடைய கடையில் கட்டுப்பாடு. அதிகாலையில் பலகையைப் பிரிப்பதே அவர்தான். நாலைந்து டப்பாவை வேறு பொருளுக்குப் பின்னால் தள்ளி வைத்து, வேலை முடிந்ததும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். திருட்டு அல்ல, விலை கொடுத்துத்தான் வாங்குகிறோம். காக்காவின் பிள்ளைக்கு இல்லையென்றாலும், தெரிந்த வேறு குடும்பத்துக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். "இது கூடுமா மாமா?"

கேட்டவர் பேராசைக்காரர் அல்ல. பசித்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்கிறார். ஆனாலும் நாம் கூடாது என்றோம். அந்தப் பலகை அவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். அதை எந்த ஒழுங்கில் விற்பது என்று முடிவு செய்ய அவருக்கு உரிமையில்லை. பத்து மணிக்காக வாசலில் நிற்கும் பெண்ணின் முறையை, அவளுக்குத் தெரியாமல் நாம் எடுத்துக்கொள்கிறோம். அவளுக்கும் வீட்டில் பிள்ளை இருக்கிறது. மக்களுக்கு அத்தியாவசியமான பொருளை விலை ஏறுவதற்காகப் பதுக்குவதை மார்க்கம் பாவம் என்கிறது. அவர் செய்ய நினைத்தது அந்தப் பதுக்கல் அல்ல. ஆனால் அந்த நாட்களில் ஒரே குடும்பத்தின் மூன்று அட்டைகளோடு வந்து ஆறு டப்பா வாங்கிப் போய், இணையத்தில் இரண்டு மடங்கு விலைக்கு விற்ற ஆளை அவரே பார்த்திருக்கிறார். அதைத் தவறு என்று சொல்பவர், வாசலைத் திறக்குமுன் தனக்கு எடுத்து வைக்கக் கூடாது. வேலை முடிந்து, எல்லோரையும் போல வரிசையில் நின்று, தன் அட்டைக்கு உரிய இரண்டை வாங்குவதில் ஒரு தடையும் இல்லை. அவர் அப்படியே செய்தார். இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு அன்றிரவு நமக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அவருடைய கடையில் வந்ததெல்லாம் சாதாரண பால்மாவு. நான்காயிரம் வகையோடு நிறுத்திக்கொள்ளும் கடையில், ஆயிரத்தில் சில குழந்தைகளுக்கு மட்டும் தேவைப்படும் விசேஷ வகைக்கு இடமில்லை. அதிகாலை முழுவதும் பால்மாவுப் பலகைகளைத் தூக்கியவருக்குத் தன் காக்காவின் பிள்ளைக்கு ஒரு டப்பா கொண்டுபோக வழியில்லை. அவர் வாங்கிய இரண்டு டப்பாக்களை வேலைத்தோழி ஒருவருக்குக் கொடுத்தார். அந்தத் தோழியின் நாத்தனார் வீட்டில், குழந்தைக்கு ஒரு வயது நிரம்பியதால் தேவைப்படாமல் போன விசேஷ மாவு மூன்று டப்பா பிரிக்காமல் இருந்தது. அது கைமாறி வந்து சேர்ந்தது. வந்ததும் முதல் வேலையாக டப்பாவின் அடியில் உள்ள எண்ணைப் பார்த்தார்கள். முதல் இரண்டு இலக்கம் 22 முதல் 37 வரை இருந்து, கே8, எஸ்ஹெச், இஸட்2 என்ற குறிகளில் ஒன்றும் இருந்து, காலாவதி 2022 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் என்றால் அது திரும்பப் பெறப்பட்ட மாவு. மூன்றில் ஒன்று அப்படித்தான் இருந்தது. அதைக் குப்பையில் போட்டபோது மருமகள் அழுதாராம்.

தட்டுப்பாடு நேரத்தில் வீடுகளில் நடந்த தவறுகள் சில, தட்டுப்பாட்டைவிட ஆபத்தானவை. மாவு அதிக நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்குவது முதல் தவறு. பச்சிளம் குழந்தையின் சிறுநீரகத்தால் அந்த அதிகப்படித் தண்ணீரைச் சமாளிக்க முடியாது. இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி வலிப்பு வரும். நம் ஊரிலும் டப்பா விலைக்குப் பயந்து ஒரு கரண்டி குறைத்துப் போடும் வழக்கம் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்தது, வீட்டிலேயே பாலும் சர்க்கரைப்பாகும் கலந்து தயாரிப்பது. 'எங்கள் காலத்தில் அப்படித்தான் வளர்த்தோம்' என்று சொல்லும் பெரியவர்கள் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். வீட்டில் தயாரித்ததைக் குடித்து, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து இறங்கி மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளைப் பற்றி 2021-லேயே எஃப்.டி.ஏ. எச்சரித்தது. தயாரிக்கத் தெரிந்த நிறுவனமே ஒரு சத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1970-களின் இறுதியில் ஒரு சோயா பால்மாவில் உப்பைக் குறைத்ததால் குளோரைடு போதாமல் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டன. அதன் விளைவாகத்தான் 1980-இல் அமெரிக்காவில் குழந்தைப் பால்மாவுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தால் ஒரு நன்மையும் உண்டு. எந்தச் சத்து எவ்வளவு இருக்க வேண்டும் என்பது எல்லா நிறுவனத்துக்கும் பொது விதி. அதனால் ஆரோக்கியமான குழந்தைக்குப் பெயர் பெற்ற பிராண்டும், கடையின் சொந்தப் பெயரில் வரும் மலிவு மாவும் இரண்டும் போதுமானவை. பிராண்டை மாற்றினால் ஓரிரு நாள் வயிறு முரண்டு பிடிக்கலாம், பிறகு சரியாகிவிடும். ஒவ்வாமை, குறைமாதம், பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றவே கூடாது. ஆறு மாதம் தாண்டிய, வேறு நோயில்லாத குழந்தைக்கு மாவு கிடைக்கும் வரை சில நாட்கள், ஒரு வாரத்துக்கு மேற்படாமல், பசும்பால் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அப்போது சொன்னது. ஆறு மாதத்துக்குக் கீழே கூடாது. பாதாம் பால் போன்றவற்றையும், 'டாட்லர்' என்று எழுதிய வளர்ந்த குழந்தைகளுக்கான மாவையும் பச்சிளம் குழந்தைக்குப் புகட்டக் கூடாது.

மாவு என்பது கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல என்பது நமக்கே புதிய செய்தி. குரோனோபாக்டர் உலர்ந்த மாவில் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். கொதிக்கவைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் மாவைக் கலக்கி, பிறகு குளிரவைத்துப் புகட்டுவதே பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இது மிக முக்கியம். கிடைத்தால் திரவ நிலையில் வரும் பாலே அவர்களுக்கு நல்லது.

தேடும் வழியைப் பொறுத்தவரை, பெரிய கடைகளைச் சுற்றி வந்து பெட்ரோலைக் கரைத்தவர்களைவிட, குழந்தை மருத்துவரின் அலுவலகத்துக்குப் போன் போட்டவர்கள்தான் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். நிறுவனங்கள் கொடுத்த மாதிரி டப்பாக்கள் அங்கே இருக்கும். சிறிய மருந்துக் கடைகள், விக் அலுவலகம், உணவு வங்கி, 211 என்ற உதவி எண் இவையும் பலன் தந்தன. வேர்ஹவுஸ் கடைக்குப் போவதானால் முதலில் போன் செய்து விலைச் சீட்டில் உள்ள பொருள் எண்ணைச் சொல்லுங்கள் என்கிறார் நம் தம்பி. பக்கத்துக் கிளைகளில் எத்தனை இருக்கிறது என்பதையும் கணினியில் பார்த்துச் சொல்ல அவர்களால் முடியும்.

இனி, ஆலிம் என்ற முறையில் நம்மிடம் வந்த இரண்டு கேள்விகள். இந்த விசேஷ மாவுகள் சிலவற்றில் பால் புரதத்தை உடைக்கப் பன்றியிலிருந்து எடுத்த என்ஸைம் பயன்படுத்துவதுண்டு. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்து மருமகள் பதறிவிட்டார். ஒவ்வாமையுள்ள குழந்தைக்கு வேறு மாற்று இல்லை என்று மருத்துவர் உறுதியாகச் சொன்ன பிறகு அது நிர்ப்பந்த நிலை. நிர்ப்பந்தத்துக்கு மார்க்கம் கொடுத்த சலுகையைக் குழந்தைக்கு மறுக்க நாம் யார்? கலக்கமில்லாமல் கொடுக்கச் சொன்னோம்.

மற்றது கடினமானது. டப்பாக்கள் மறுபடி தீர்ந்து, மருந்தகத்தில் சொல்லி வைத்த மாவு வர நான்கு நாள் தாமதம். அதே குடியிருப்பில் வசிக்கும் ஹைதராபாத் சகோதரி ஒருவர், தன் கைக்குழந்தையோடு சேர்த்து இவனுக்கும் பாலூட்ட முன்வந்தார். மருத்துவமனையோடு இணைந்த பால் வங்கியில் கேட்கலாம் என்ற யோசனையும் இருந்தது. பால் வங்கியில் பல தாய்மார்களின் பாலை ஒன்றாகக் கலந்து, சூடாக்கிக் கொடுக்கிறார்கள். யாருடைய பால் என்று தெரியாது. பால்குடி உறவு மார்க்கத்தில் இரத்த உறவைப் போலவே திருமணத் தடையை உண்டாக்கும் என்பதால், 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி முஸ்லிம் நாடுகளில் பால் வங்கி அமைப்பதைத் தடுத்தது. மார்பில் வாய் வைத்து அருந்தினால்தான் உறவு ஏற்படும் என்ற கருத்தில் அதை அனுமதித்த யூசுஃப் அல்கர்ளாவி போன்ற அறிஞர்களும் உண்டு. உயிருக்குப் போராடும் குறைமாதக் குழந்தைக்கு நாம் பால் வங்கியைத் தடுக்க மாட்டோம். ஆனால் பெயர் தெரிந்த ஒரு பெண், கண்ணெதிரே, தானே முன்வந்து கேட்கிறாள் என்றால் அதுவே மேல் என்றோம்.

பரிசோதனை செய்யாத தாய்ப்பாலைப் பகிர்வதை அங்குள்ள மருத்துவர்கள் ஊக்குவிப்பதில்லை. எனவே கர்ப்பகால இரத்தப் பரிசோதனை அறிக்கைகளை மருத்துவரிடம் காட்டச் சொன்னோம். குழந்தையின் ஒவ்வாமைக்காக அந்தச் சகோதரி பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தினார். ஹைதராபாத்காரருக்குப் பால் டீயை விடுவது எவ்வளவு பெரிய தியாகம் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். எத்தனை முறை பாலூட்டினால் உறவு ஏற்படும் என்பதில் நம் ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை கணக்கு. அவர்களுடைய ஹனஃபி மத்ஹபில் ஒரு முறை போதும். நான்கு நாளில் இரண்டு கணக்கும் தாண்டிவிட்டது.

அந்தச் சகோதரிக்கு மூன்று பெண்மக்கள். மூவரும் இப்போது இவனுக்குப் பால்குடிச் சகோதரிகள். அந்தச் சகோதரியின் பெயர், கணவர் பெயர், பெண்மக்களின் பெயர்கள், பாலூட்டிய தேதிகள் எல்லாவற்றையும் இரண்டு தாளில் எழுதி, இரு குடும்பத்தாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறார்கள். மூன்றாவது பிரதி ஒன்று நம் லாத்தாவின் பீரோவில், வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது.